‘கொள்’ என்னும் சொல்: மணங்கோடலும் கொள்கை கோடலும்

தொண்டை நாட்டுக் கடற்கரையில், செங்கற்பட்டு மாவட்டத்துப் படூரைச் சூழ்ந்த ஊர்களில், இரண்டு குடும்பத்தார்க்கு மணவுறவு உண்டு என்பதைக் கூறவேண்டின், தமிழ்நாட்டின் பிற ஊர்களிற் போலவே, ‘அவர்கட்குள் கொள்வினை கொடுப்பினை உண்டு’ என்பர். படூர்க்குத் தென்கிழக்கே கடலோரத்தில் உள்ளது திருவிடந்தை என்னும் வைணவத் திருப்பதி. காலவ முனிவரின் புதல்வியர் முந்நூற்றறுபதின்மரையும் நாளொருவராகத் திருமால் மணங்கொண்டருளினார் என்பது அத்தலத்தின் வரலாறு. அதனால் ஆண்டுள்ள பெருமாளுக்கு நித்தியகலியாணப் பெருமாள் என்று பெயர். மணம் வேண்டுவோர் இன்றும் ஆண்டுச் சென்று, பெருமாளுக்குச் சாத்திய மாலையைப் பெற்று அணிந்து கோயிலை வலம்வருகின்றனர்.

படூர்க்குத் தெற்கே உள்ளது திருப்போரூர். முருகப்பெருமானுக்குரிய அத்தலத்தின் திருப்பணியைப் பதினேழாம் நூற்றாண்டிற் சிதம்பர சுவாமிகள் மேற்கொண்டு முடித்தார். அடியார் பலர் விரதங்கொண்டும் காவடி கொண்டும் அங்குச் செல்வர்.

ஓரூரிற் பெண் கொள்ளல். மற்றோரூரில் விரதங் கொள்ளலும் திருப்பணி மேற்கொள்ளலும். இருவகைச் செயற்கும் வழங்கும் வினை ‘கொள்’ என்பது ஒன்றே. மனைவியைக் கோடலும் கொள்கையைக் கோடலும் ஒரு சொல்லால் வழங்கப்படுதல் தற்செயலா, அன்றிப் பொருளியைபு பற்றியதா என்பதும், பொருளியைபு பற்றியதாயின் இரண்டும் எவ்விடத்து ஒன்றாம், எவ்விடத்து வேறாம் என்பதும் ஈண்டு ஆராயப்படும். இது சொல்லாராய்ச்சி மாத்திரையின் அமைவதன்று. கொண்டதனை விடலாமோ, விடலாகாதோ என்னும் வினா இதன்கண் அடங்கியுள்ளது. அவ்வினாவிற்கு அடியார் வரலாறுகள் மேல்நோக்கிற் காணுமிடத்து ஒன்றற்கொன்று மாறாய விடைகளைத் தருகின்றன. ஆதலின் சைவர்க்கு இவ்வாராய்ச்சி இன்றியமையாததாகும்.

சொல்லும் கிளையும்

‘கொள்’ என்பதற்குப் பொருள் பலவாம். விலைக்குக் கொள்ளல், கையிற் கொள்ளல், உள்ளத்துக் கொள்ளல், உணவு கொள்ளல், பகை கொள்ளல், சினங் கொள்ளல் என அவை விரியும். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் இச்சொற்குப் பொருள்கள் பலவற்றை வரிசைப்படுத்திக் காட்டும். இவை எல்லாவற்றிற்கும் பொதுவாய் நிற்பது, புறத்தே நின்ற ஒன்றைத் தன்னதாக்குதல் என்னும் கருத்தே.

இவ்வினையினின்று பிறந்த பெயர்களுள் மூன்று ஈண்டைக்கு வேண்டுவன. ஒன்று ‘கொண்டான்’. கணவனைக் குறிப்பதாக இப்பெயர் பண்டுதொட்டு வழங்குகின்றது. திருவள்ளுவரும் வாழ்க்கைத் துணைநலம் என்னும் அதிகாரத்தில் ‘தற்கொண்டான்’ என்னும் சொல்லை ஆள்வர். மற்றொன்று ‘கொள்கை’. உள்ளத்தாற் கொள்ளப்பட்ட நெறி என்பது அதன் பொருள். மூன்றாவது ‘கோட்பாடு’. இது கோள் என்பதும் பாடு என்பதும் கூடி நின்ற சொல். ‘கோட்படுதல்’ என்னும் வினை பிடிபடுதலையும் குறிக்கும். புலியாற் பற்றப்பட்ட மானும் கோட்பட்டது எனப்படும்.

இதனாற் போந்த நுட்பம் ஒன்றுண்டு. கொள்கை என்புழி மாந்தன் கொள்பவனாக நிற்கின்றான். கோட்பாடு என்புழியோ கொள்ளப்படுதல் என்னும் நிழல் உடன் வருகின்றது. ஒன்றைக் கொண்டவன் அதனாலே தானும் கொள்ளப்படுவான் என்பதை இச்சொல்லின் அமைப்பே குறிப்பிற் காட்டுகின்றது. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்று சித்தாந்த நூல்கள் கூறுவதும் இதனோடு ஒத்தலை நோக்குக.

‘படு’ என்னும் துணைவினை இவ்விடத்து மேலும் கருதற்பாலது. ஆடவன் மணந்ததைக் ‘கொண்டான்’ என்னும் வழக்கு, பெண் மணந்ததை ‘வாழ்க்கைப்பட்டாள்’ என்னும். இறைவன் உயிரை ஏற்றதை ‘ஆட்கொண்டான்’ என்னும் நூல், உயிர் இறைவனை அடைந்ததை ‘ஆட்பட்டது’ என்னும். மணத்திலும் அடிமைத்திறத்திலும் கொள், படு என்னும் இரண்டும் இணையாக நின்று ஒரு செயலின் இருபுறத்தையும் காட்டுகின்றன. இக்காலத்தார் ஆண் பெண் இருவரையும் எழுவாயாக்கி, ‘அவர்கள் மணஞ் செய்துகொண்டனர்’ என்பர். அவ்வழக்கில் இருவரும் கொள்வோர், இருவரும் கொள்ளப்படுவோர் என்பது தெளிவாதலின், அது பழைய வழக்கிற்கு முரணாகாது. அதன் உட்பொருளை வெளிப்படுத்துவதேயாம்.

கொடையும் கோளும்

கற்பென்பது இன்னதெனக் கூறப்புகுந்த தொல்காப்பியர், கற்பியலின் முதற்கண்ணே, கரணத்தொடு கூடிக் கொடுத்தற்குரியோர் கொடுப்பக் கொள்ளுதற்குரியோன் கொள்வது எனக் கொடையையும் கோளையும் உடன்வைத்து ஓதினார். கொடுப்போர் இன்றியும் கரணம் நிகழும் இடம் உடன்போக்கின்கண் உண்டு என்பதையும் அவரே கூறினார். அங்கும் தலைவி தன்னைத் தானே கொடுத்தாள் என்பது கருத்தாகலின் கொடை முற்றும் இல்லையாகாது. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர்ச் சான்றோர் கரணத்தை வகுத்தனர் எனவும் அவ்வியல் கூறும். அஃதாவது, கொண்டமை இல்லையென ஒருவன் பிற்காலத்து மறுத்தற்கு இடமின்றிப் பலரறியக் கொள்ளும் வழக்கம் அதன்பின் ஏற்பட்டது என்க.

கொடை இல்வழிக் கோள் என்னாம்? கவர்தலாம், கொள்ளையாம். ‘கொள்ளை’ என்பதும் இவ்வினையின் வழிப்பட்ட பெயரே. வேந்தன் பெண்வேண்ட, மகளுடையான் மறுக்க, அதனாற் போர் நிகழும் நிலையை மகட்பாற்காஞ்சி என்னும் துறையாகப் புறத்திணை நூலார் வகுத்தனர். புறநானூற்றின் பிற்பகுதியில் அத்துறைப் பாட்டுக்கள் பல தொடர்ந்து காணப்படுகின்றன. கொடுப்பவர் இசையாதவழிக் கொள்ள முயல்வது மணமன்று என்பதற்கு அத்துறை சான்றாகும்.

இனி, ‘கொள்’ துணைவினையாய் நிற்குமிடத்து வேறொரு பயன் தோன்றும். ‘சமைத்தான்’ என்பதற்கும் ‘சமைத்துக்கொண்டான்’ என்பதற்கும் வேற்றுமை யாதெனின், பின்னையதன்கண் வினைப்பயன் செய்தானையே வந்தடைகின்றது. அப்பயன் நன்மையாகவே இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. ‘கையை வெட்டிக்கொண்டான்’ என்புழித் தீங்கும் செய்தானையே அடைதல் காண்க. எனவே, ‘மணந்துகொண்டான்’ என்பதும் ‘ஏற்றுக்கொண்டான்’ என்பதும், அச்செயலால் வரும் இன்பதுன்பம் இரண்டும் தன்னைச் சாரும் என்பதற்கு உடன்பட்டான் என்னும் பொருளை உள்ளடக்கி நிற்பனவாம்.

வடமொழியிலும் இதனை ஒத்ததோர் இலக்கணம் உண்டு. பயன் செய்வானை அடையுமிடத்து அம்மொழி வினைகள் ஆத்துமனேபதம் பெறுதல் பொதுவியல்பு. பாணினி முனிவர் தம் நூலின் முதல் அத்தியாயத்து மூன்றாம் பாதத்தில் 56ஆம் சூத்திரத்தால், ‘உப’ என்னும் முன்னொட்டுப் பெற்ற ‘யம்’ என்னும் தாது தன்னதாக்குதல் என்னும் பொருளில் ஆத்துமனேபதம் பெறும் என விதித்தார். தன்னதாக்குதல் என்றமையால் யாதொன்றைக் கைப்பற்றினும் இவ்விதி செல்லுமோ எனின், செல்லாது. கைப்பிடித்து மணத்தலே ஈண்டுக் கொள்ளப்படும் என்று காசிகை உரை வரையறுக்கும். பிறன் மனையாளைப் பற்றுதற்கு அவ்வடிவம் வாராது என்பதும் அவ்வுரையாற் பெறப்படும். கைப்பற்றுதல் எல்லாம் தன்னதாக்குதல் ஆகாது என்னும் உண்மை வடநூலார்க்கும் உடன்பாடாயினமை இதனால் விளங்கும்.

ஆங்கிலேயர் மொழியில் ‘எஸ்பௌஸ்’ என்னும் சொல் மணத்தலையும் ஒரு கொள்கையைத் தழுவுதலையும் ஒருங்கே குறிக்கும். அது இலத்தீன் மொழியில் வாக்களித்தல் என்னும் பொருளுடைய வினையினின்று, பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. உரோமர் மணம்பேசுங்கால் ‘வாக்களிக்கின்றாயா’ என ஒருவர் வினவ, ‘வாக்களிக்கின்றேன்’ என மற்றவர் விடைகூறுதல் வழக்கமாயிருந்தது. ஆகவே அவர் சொல் வாக்கினின்று பிறந்தது. தமிழ்ச்சொல் ஏற்பினின்று பிறந்தது. பிறப்பு வேறாயினும் இரண்டும் மணத்தையும் கொள்கையையும் சென்று சேர்ந்தன. இதனை அறியாது, அச்சொல்லை மொழிபெயர்க்குமிடத்துக் ‘கொள்கையை மணந்தார்’ என எழுதுதல் தமிழ் மரபன்று. ‘கொள்கையை மேற்கொண்டார்’ என்பதே மரபு.

மேற்கொள்ளலும் மேற்கோளும்

‘மேற்கொள்’ என்பது தன்மேல் ஏற்றுக்கொள்ளுதல் என விரியும். விரதம் மேற்கொண்டான் என்புழி விரதமாகிய பொறை அவன்மேல் உள்ளது. யானை மேற்கொண்டான் என்புழியோ அவன் யானைமேல் உள்ளான். ஒரே சொல் சுமத்தலையும் ஊர்தலையும் குறித்தல் வியக்கத்தக்கது. கொள்கையை மேற்கொண்டேன் என்பவர் பலருள், அதனைச் சுமப்பவர் சிலர். அதன்மேல் ஏறிச் செல்பவர் பலர். அவ்விருவரையும் பிரித்தறிதற்கு அளவை ஒன்று வேண்டும்.

அவ்வளவை ‘மேற்கோள்’ என்னும் பெயரிலேயே உள்ளது. இக்காலத்தார் பிறர் கூற்றை எடுத்துக்காட்டுதலை மேற்கோள் என்பர். சிவஞானபோத நூலின் வழக்கு வேறு. அந்நூலின் பன்னிரண்டு சூத்திரங்களின் பொருளையும் மெய்கண்ட தேவர் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையில் நிறுவினார். ஆண்டு மேற்கோள் என்பது சாதிக்கப் புகுந்த பொருளைக் கூறுதல். வடநூலார் இதனைப் பிரதிஞ்ஞை என்பர். பிரதிஞ்ஞை என்னும் அச்சொற்கோ சூளுரை என்னும் மற்றொரு பொருளும் உண்டு.

ஈண்டே இவ்வாராய்ச்சியின் முடிச்சு உள்ளது. வாதத்திற் கூறும் பிரதிஞ்ஞையும் மணத்திற் கூறும் பிரதிஞ்ஞையும் பெயரால் ஒன்று, இயல்பால் வேறு. வாதத்தின்கண் மேற்கோளை அடுத்து ஏது வருதல் வேண்டும். ஏது குற்றமுடைத்தாயின் மேற்கோள் நில்லாது, நிறுத்தவும் ஆகாது. சூளுரைக்கோ ஏது வேண்டுவதில்லை. ‘நின்னைப் பிரியேன்’ என்று ஒருவன் சூளுற்றால், ‘யாது காரணத்தால்’ என வினவுவார் இலர். அச்சூளைக் கேட்டவர் அதனை நம்பித் தம் வாழ்க்கையை அதன்மேல் வைத்தமையே அதற்கு உறுதியாய் நிற்கின்றது.

கடாவும் விடையும்

இனி ஒரு கடா எழும். ஒற்றியூரிற் சங்கிலியாரை மணங்கொண்ட நம்பியாரூரர் அவரை விட்டு நீங்கியவழிக் கண்ணிழந்தார். சமண சமயத்தைக் கொண்டிருந்த திருநாவுக்கரசர் அதனை விட்டு நீங்கியவழி நோய் நீங்கினார். இருவரும் கொண்டதனை விட்டவரே. ஒருவர்க்குத் தண்டமும் ஒருவர்க்கு அருளுமாயினமை என்னை? நீங்கிச் சேர்ந்த இடம் சைவமாதலின் குற்றமின்று எனின், நம்பியாரூரர் நீங்கிச் செல்லக் கருதியதும் திருவாரூர்ப் பெருமானை வணங்குதற்கன்றோ? ஆதலின் அவ்விடை அமையாது. இரு வரலாற்றையும் பெரியபுராணத்தின் வழி உற்றுநோக்குதல் வேண்டும்.

நம்பியாரூரர் திருக்கழுக்குன்றத்தை வணங்கி, திருக்கச்சூரிற் பசித்திருந்தபொழுது இறைவனே இரந்து கொணர்ந்த அன்னத்தைப் பெற்று, காஞ்சி முதலிய தலங்களையும் காளத்தியையும் தொழுது திருவொற்றியூரை அடைந்தார். முன்னைய இரண்டும் இன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தன. ஒற்றியூரோ படூர்க்கு வடக்கே அதே கடற்கரையில் உள்ளது. அங்குக் கன்னிமாடத்திருந்து இறைவனுக்கு மாலை தொடுத்துவந்தார் சங்கிலியார். ஞாயிறு என்னும் ஊரில் வேளாண் குடியிற் பிறந்த அவர், பெற்றோர் மணம்பேசக் கேட்டு மயங்கி, சிவனருள் பெற்றார் ஒருவர்க்கே தாம் உரியர் எனக் கூறியிருந்தவர். நம்பியாரூரர் அவரைக் கண்டு, இறைவனை வேண்டினார். இறைவன் சங்கிலியார் கனவில் தோன்றி இசைவு வேண்ட, அவர், நம்பியாரூரர் திருவாரூரிற் பரவையாரோடு மகிழ்ந்திருப்பவர் என்பதனை உணர்ந்தருள வேண்டும் என்று பணிந்தார். பிரியேன் எனச் சபதம் செய்து தருவான் என்று இறைவன் அருளினான்.

நம்பியாரூரரோ பிற பதிகளையும் சென்று வணங்கும் வேட்கையுடையராதலின், சபதம் தம்மைப் பிணிக்குமே என்று எண்ணி, தாம் சன்னிதியில் சூளுறும்பொழுது பெருமான் திருமகிழின்கீழ்ச் சென்று இருத்தல் வேண்டும் என வேண்டினார். பெருமானும் இசைந்தான். இசைந்த பின் சங்கிலியார்பாற் சென்று, சூளுறவைச் சன்னிதியிற் கொள்ளாது மகிழின்கீழ்க் கொள்க என உணர்த்தினான். மறுநாள் நம்பியாரூரர் வேறு வழியின்றி மகிழமரத்தை மும்முறை வலம்வந்து, பிரியேன் எனச் சூளுற்றார். மணம் நிகழ்ந்தது. பின்னர்த் தென்றல் வந்த காலத்துத் திருவாரூர் வசந்த விழா நினைவில் எழ, ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். கடந்த அளவில் இருகண்ணும் மறைந்தன.

இறைவன் தன் தோழனுக்கு உதவாது சங்கிலியார் பக்கம் நின்றது ஏன் எனின், சூள் என்பது கூறுவானுக்கு உரியதன்று, கேட்டாருக்கு உரியது, அதுவே ஏதுவென்க. சான்று இல்லாத இடத்திற் சூளுற விழைந்தபொழுதே அச்சூளினுள் விடுதற்கு ஒரு வழி வைக்கப்பட்டது. அவ்வழியை இறைவன் அடைத்தான். திருவாரூர் வழிபாடு மேலானது என்னும் ஏது உண்மையே. ஆயினும் ஏதுக் காட்டிச் சூளை அழித்தல் ஆகாது. தோழமையும் அதற்குத் துணையாகாது. வழிபாடும் அதற்குத் துணையாகாது.

இனி நாவுக்கரசர் வரலாற்றை நோக்குக. திருவாமூரிற் பிறந்த மருணீக்கியார், நிலையாமையை உணர்ந்து அறங்கள் பல செய்து, மெய்ந்நெறி யாதென ஆராயப் புகுந்து, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை அடைந்து அச்சமயத்தைக் கொண்டு தருமசேனர் எனப் பெயர்பெற்றார். அவர் அதனைக் கொண்டது மெய்ந்நெறியை நாடியே. ஒருவர்பாற் சூளுற்றமையாலன்று. சூலைநோய் பற்றியபொழுது அங்குக் கற்ற மந்திரமும் மருந்தும் பயன்படாமையை நேரே கண்டார். திருவதிகையில் தமக்கையார் திலகவதியாரை அடைந்து, திருநீறு பெற்று, திருப்பதிகம் பாடி நோய் நீங்கினார். அவர் கொண்ட மேற்கோளுக்கு ஏது இல்லையென அநுபவத்தால் தெளிந்தபின் அதனை விட்டார். மெய்யைத் தேடிப் புறப்பட்டவன் மெய் வேறிடத்து உளதெனக் கண்டபின் பழைய இடத்தே நிற்பானாயின், அவன் தேடியது மெய்யன்று, தன் பெருமையே என்றாகும். கொண்டது விடாமை மூர்க்கர்க்கும் முதலைக்கும் உரியதென உலகோர் கூறும் பழமொழி இத்தகைய பிடிவாதத்தையே இகழ்ந்தது.

அவ்வொரு மனையிலேயே மற்றொருவகைக் கோளும் இருந்தது. திலகவதியாரைக் கலிப்பகையார் என்னும் சேனைத்தலைவர்க்குக் கொடுக்கப் பெற்றோர் இசைந்திருந்தனர். கரணம் நிகழவில்லை. பெற்றோர் இறந்தனர், வடபுலத்துப் போர்க்குச் சென்ற கலிப்பகையாரும் இறந்தார். பெற்றோர் அவர்க்கே கொடுக்க இசைந்தமையால் தாம் அவர்க்கே உரியர் எனத் துணிந்து திலகவதியார் உயிர்விடப் புகுந்தார். தம்பியார் அடிவீழ்ந்து வேண்டிய பின்னர், அவர்பொருட்டு உயிர்தாங்கித் தவம் மேற்கொண்டார். சடங்கு நிகழாத வாக்கையும் விடாது காத்தவர் தமக்கையார். பல்லாண்டு பயின்ற சமயத்தையும் ஏதுவின்மை கண்டு விட்டவர் தம்பியார். சேக்கிழார் பெருமான் இருவரையும் போற்றினார். வாக்கிற் கொண்டதனை விடாமையும், ஆராய்ச்சியிற் கொண்டதனை மெய்யின்பொருட்டு விடுதலும் தம்முள் முரணாவல்ல என்பதற்கு இவ்வொரு குடும்பமே போதிய சான்றாகும்.

எனவே கடாவிற்கு விடை இது: மக்களைக் கொள்ளுங்கால் பிரதிஞ்ஞை சூளாம், அதனைக் காலமும் வசதியும் பற்றி விடுதல் குற்றம். கொள்கையைக் கொள்ளுங்கால் பிரதிஞ்ஞை மேற்கோளாம். அதனை ஏது அழிந்த பின்னும் விடாமை குற்றம். இரண்டையும் ஒரு சொல் குறித்தலான் மயங்கி, மனைவியைக் கொள்கைபோல ஆராய்ந்து ஆராய்ந்து கைவிடுவாரும், கொள்கையை மனைவிபோல ஆராயாது காப்பாரும் உலகிற் பலர். இருவரும் சொல்லின் பொதுமையை அறிந்து சிறப்பை அறியாதார் ஆவர்.

ஆட்கொள்ளல்

இவ்விரண்டிற்கும் மேலானதொரு கோள் சைவ நூல்களிற் பேசப்படும் ஆட்கொள்ளல். அது மணப்பந்தரிலேயே நிகழ்ந்த வரலாறு நம்பியாரூரருடையது. புத்தூரிற் சடங்கவி சிவாசாரியார் மகளாரைக் கொள்ளுதற்கு நம்பியாரூரர் எழுந்தருளியிருந்தபொழுது, முதிய அந்தணராய் வந்த இறைவன், இவன் தனக்கு அடியான் என வழக்குரைத்தான். அந்தணர் அந்தணர்க்கு அடிமையாதல் உண்டோ என நகைத்த நம்பியாரூரர், ஓலையைப் பறித்துக் கிழித்தார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவையை அடைந்தது. கிழிக்கப்பட்டது படியோலை எனக் கூறி இறைவன் மூலவோலையைக் காட்ட, அவையோர் பாட்டனார் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கி, நம்பியாரூரர் தோற்றார் எனத் தீர்ப்புக் கூறினர்.

மேல்நோக்கில் இது கொடுப்பார் இன்றிக் கொண்டதுபோலத் தோன்றும். அற்றன்று. கயிலையினின்று பிறவிக்கு வருங்கால், தாம் உலகில் மயங்குமிடத்துத் தடுத்து ஆண்டருள வேண்டும் என அவரே வேண்டிக்கொண்டார் எனப் பெரியபுராணம் முன்னரே கூறியுள்ளது. தன்னைக் கொடுத்தவனும் அவரே; கொடுத்ததை மறந்தவரும் அவரே. கொண்டவன் மறக்கவில்லை. ஓலை அவன் நினைவின் அடையாளம். பின்னர் ஒற்றியூர்ச் சூளில் நம்பியாரூரர் தவறியபொழுதும் அவன் அவரை விட்டுவிடவில்லை. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கொடுத்தான். காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் அளித்தான். நம்பியாரூரர் கொண்டவரைப் பிரிந்தார். இறைவன் கொண்டவரைத் தண்டித்தும் பிரியவில்லை.

‘கொள்’ என்பது செய்தான்மேற் பயன் வருதலைக் குறிக்குமாயின், ஆட்கொள்ளலால் இறைவனுக்கு வரும் பயன் யாது எனின், யாதுமில்லை என்க. இறைவன் குறைவிலா நிறைவுடையன். அவன் செய்யும் ஐந்தொழிலும் உயிர்கள்பொருட்டே என்பது சித்தாந்தம். மாணிக்கவாசகரும் கோயிற் றிருப்பதிகத்தில், இறைவன் தன்னைத் தந்து தம்மைக் கொண்டதனைக் குறித்து, இம்மாற்றிற் சமர்த்தர் யாவர் என வினவி, தமக்குக் கிடைத்தது அந்தமில்லாத இன்பம், இறைவனுக்குக் கிடைத்தது யாது எனக் கேட்பர். ஏனைய கோள்களிற் பயன் கொண்டானை அடையும். இதன்கண்ணோ கொள்ளப்பட்டானை அடையும். இலக்கணம் பொதுவாக ஓதிய பொருள் இங்குத் திருவருளால் மாறி நிற்கின்றது.

இறைவன் ஓலைகாட்டி ஒருவரை ஆட்கொண்ட அத்திருவெண்ணெய்நல்லூரிலேயே, பதின்மூன்றாம் நூற்றாண்டில், மேற்கோளும் ஏதுவும் காட்டிச் சிவஞானபோதம் அருளினார் மெய்கண்ட தேவர். சகலாகம பண்டிதர் எனச் சிறப்புப்பெற்ற அருணந்தி சிவாசாரியார் அவர்பால் வந்து, ஆணவத்தின் வடிவம் யாதென வினவியபொழுது, மெய்கண்டார் நின்ற அவரையே உற்றுநோக்கினார் என்பர். அக்கணமே பண்டிதர் தாம் கொண்டிருந்த பெருமிதத்தை விட்டு மாணவரானார். ஆனவர் ஆராய்ச்சியை விட்டாரல்லர். சிவஞானசித்தியார் பரபக்கத்தில் பிறர் கொள்கைகளை அவரவர் கூறுமாறே முன் எடுத்துரைத்து, பின்னரே மறுத்தார். ஆசிரியர்பால் வைத்த வாக்கு அசையாதது. கொள்கைக்குக் காட்டும் ஏது ஒளியாதது. தீக்கை பெற்ற சைவர்க்கு இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும்.

ஆதலின், சைவக் கொள்கையைக் கொண்டேன் என்பார், ஏதுக் கேட்டார்மேற் சினங்கொள்ளுதல் பொருந்தாது. ஏதுக் கூறுதலே மேற்கோளுக்கு இலக்கணம். ஒருவரைக் கைப்பற்றிக் கொண்டேன் என்பார், பின்னாளில் ஏதுத் தேடுதலும் பொருந்தாது; சான்றின்முன் நிற்றலே சூளுக்கு இலக்கணம். திருவிடந்தையில் மாலை பெற்றுச் செல்வாரும் திருப்போரூரில் விரதங் கொண்டு செல்வாரும் ஒரு வினைச்சொல்லையே தம் வாயாற் கூறுகின்றனர். எவ்விடத்து எப்பொருளிற் கூறினோம் என்பதை அவரவர் நினைவிற் கொள்ளுதல் கடன்.

திருச்சிற்றம்பலம்